ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு மோதும்போது: ஆபத்தான ஜோடிகளை முன்கூட்டியே பிடிக்கும் முறை

வருடக்கணக்காக ஒத்துப்போன மாத்திரைகள் ஒருநாள் திடீரென்று உடம்பைப் படுத்தினால், பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பல் வீக்கத்துக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வந்திருக்கும். முட்டி வலிக்கு ஒரு வலி மாத்திரை சேர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஒன்றைக் கூட்டியோ நிறுத்தியோ இருப்பார்கள். வயிற்றுப்போக்கில் உடல் வறண்டதும், சிறுநீரகத்தின் வேலை குறைந்ததும், சிகரெட்டை விட்டதும்கூட மாற்றங்கள்தான். மருந்து மோதலைப் பிடிக்க வேண்டிய இடம் இந்த மாற்றம்.

ஐந்து மாத்திரை சாப்பிடுகிறவரின் உடலில் பத்து ஜோடிகள் சந்திக்கின்றன. பத்து மாத்திரை என்றால் 45 ஜோடிகள். அத்தனையையும் மனப்பாடமாக வைத்திருக்க யாராலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. ஆனால் மாற்றம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் சரிபார்த்தால், உயிருக்கு ஆபத்தான ஜோடிகளில் பெரும்பாலானவை கையில் சிக்கிவிடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நீங்கள் சாப்பிடும் ஜோடி ஒன்று கீழே இருந்தால், பதறிப்போய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல ஜோடிகளை மருத்துவர்கள் தெரிந்தே, அளவைக் குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கிறார்கள். மெட்டோபுரோலால், புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்களைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். குளோனிடினை விட்டால் ரத்த அழுத்தம் எகிறும். வலிப்பு மாத்திரையை விட்டால் தொடர் வலிப்பு வரலாம். பல வாரங்கள் எடுத்த ஸ்டீராய்டை விட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து ஆள் மயங்கிவிடலாம். கேட்டுவிட்டு மட்டும் நிறுத்துங்கள்.

முதல் வேலை: முழுமையான பட்டியல்

வீட்டில் இருக்கும் அந்த நபரின் எல்லா மருந்துகளையும் ஒரு மேசையில் கொட்டுங்கள். நினைவிலிருந்து எழுதினால் விடுபடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, எதற்காக, எப்போது தொடங்கியது, யார் எழுதியது.

வணிகப் பெயரை மட்டும் எழுதினால் இந்தப் பட்டியலால் பயனில்லை. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வரும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்துகளும் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருந்தால் அவற்றை இரண்டு வரிகளாக எழுதுங்கள். இந்த வேலையில் அடிக்கடி வெளியே வருவது பாராசிட்டமால். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, டிராமடால் கலந்த வலி மாத்திரை மூன்றிலும் அது இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. தான் உச்ச வரம்பு. எடை குறைந்தவர், கல்லீரல் பாதித்தவர், தினமும் மது அருந்துபவர் ஆகியோருக்கு அதைவிடக் குறைவு.

மருந்து என்றே பலர் எண்ணாதவை இருக்கின்றன, அவற்றையும் எழுத வேண்டும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். வெரபமில் என்ற இதய மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு அந்தச் சொட்டே ஆபத்தாகலாம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். தோலில் ஒட்டும் வலிப் பட்டை, இன்ஹேலர், வாரம் ஒருமுறை மாத்திரை, மாதம் ஒருமுறை ஊசி, கருத்தடை மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், இரும்பு, கால்சியம், மூலிகைப் பொடி எல்லாம் பட்டியலில் வரட்டும். மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கருத்தடை மாத்திரை முதல் மாற்று உறுப்பைக் காக்கும் மருந்து வரை பலவற்றின் அளவைக் குறைத்துவிடும்.

பட்டியலின் அடியில் இன்னும் மூன்று வரிகள் தேவை. ஒன்று, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் அளவுகளும் அவற்றின் தேதியும். இரண்டு, ஒவ்வாமைகள். மூன்று, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் நிறுத்திய மருந்துகள். இந்த மூன்றாவது வரியை யாரும் கேட்பதில்லை. ஆனால் மனச்சோர்வு மாத்திரையான ஃபுளுவோக்ஸெட்டின் நிறுத்தி ஐந்து வாரம் வரை அதன் வினை நீடிக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாதக்கணக்கில் உடலில் தங்கும்.

மோதல் நடக்கும் வழிகள்

வழி தெரிந்தால் தீர்வும் தெரியும் என்பதால் இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

சில மோதல்கள் வயிற்றிலேயே முடிந்துவிடுகின்றன. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையையோ சிப்ரோஃபுளோக்சசினையோ பற்றிக்கொண்டு, ரத்தத்துக்குள் போகவிடாமல் செய்கின்றன. இரண்டையும் நேரம் பிரித்துச் சாப்பிட்டால் சிக்கல் தீர்ந்தது.

சில கல்லீரலில் நடக்கின்றன. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் அங்கே இருக்கின்றன. கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல், இட்ராகோனசோல், ரிட்டோனவிர், அமியோடரோன் போன்றவை அந்த நொதிகளை முடக்கும். மற்ற மருந்து சிதையாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். நீங்கள் சாப்பிடுவது பழைய அளவுதான். உடலில் இருப்பதோ இரண்டு மடங்கு, சில ஜோடிகளில் பத்து மடங்கு. இதன் எதிர்ப்பக்கம் ரிஃபாம்பிசின், கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டால். இவை நொதிகளைப் பெருக்குவதால் மற்ற மருந்து வேலை செய்யும் முன்பே காணாமல் போகும்.

இரண்டுக்கும் கால அளவு வேறு. முடக்கும் மருந்தின் பாதிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தொடங்கும். பெருக்கும் மருந்து முழு வேகத்துக்கு வர ஒன்றிரண்டு வாரமாகும், நிறுத்திய பின் அடங்கவும் அதே அளவு ஆகும். அமியோடரோன் மட்டும் தனி ரகம். மெல்ல மெல்லச் சேர்ந்து, பல வாரம் கழித்துத்தான் முகத்தைக் காட்டும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே களைந்துவிட வேண்டும். கல்லீரல் மோதலை நேரம் பிரித்துச் சரிசெய்ய முடியாது. காலையில் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக், இரவில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி விட்டாலும் நொதி முடங்கியே கிடக்கும். கிரேப்ஃப்ரூட் சாறும் அப்படித்தான். ஒரு டம்ளர் குடித்தாலே குடலில் இருக்கும் அந்த நொதி ஒரு நாளைக்கு மேல் முடங்கக்கூடும்.

மூன்றாவது வகை, வினைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது. இரண்டு தூக்க மருந்துகள், ரத்தம் கசியவிடும் இரண்டு மருந்துகள், பொட்டாசியத்தை ஏற்றும் இரண்டு மருந்துகள். ஒவ்வொன்றின் அளவும் சரியாகவே இருக்கும், கூட்டுத்தொகைதான் ஆளைச் சாய்க்கும்.

நொதியை முடக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1993-ல் ஜப்பானில் நடந்தது சாட்சி. அக்கி நோய்க்காக சோரிவுடின் என்ற புது மருந்து விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து உடலில் உருவாகும் ஒரு பொருள், ஃபுளூரோயுராசில் வகைப் புற்றுநோய் மருந்தைச் சிதைக்கும் நொதியை அடியோடு முடக்கியது. இரண்டையும் சாப்பிட்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சிவப்பு மையில் எழுத வேண்டியவை

சில மருந்துகளில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறுகலானது. வார்ஃபரின், டிகாக்சின், லித்தியம், மெத்தோட்ரெக்சேட், ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின், தியோஃபிலின், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், அசதையோபிரின், கோல்சிசின், இன்சுலின், கிளிமெபிரைடு வகை சர்க்கரை மாத்திரைகள், ஓபியாய்டு வலி மருந்துகள் எல்லாம் அந்த ரகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பட்டியலின் உச்சியில் சிவப்பு மையில் எழுதுங்கள். இவர்களுக்கு எந்தப் புது மருந்தும், அது மூன்று நாள் மருந்தாக இருந்தாலும், கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

வார்ஃபரின்

இதற்கு மட்டும் தனி இடம் தேவை, ஏனென்றால் இது மோதாத மருந்தைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண் ஐ.என்.ஆர். பெரும்பாலானவர்களுக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். இதயத்தின் மைட்ரல் வால்வு இடத்தில் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. மெட்ரோனிடசோல், கோ-டிரைமோக்சசோல், ஃபுளுகோனசோல் மூன்றும் சில நாட்களிலேயே ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். அமியோடரோன் தொடங்கினால் வார்ஃபரின் அளவைப் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க நேரும், அதுவும் பல வாரங்களில் படிப்படியாக.

ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு ஐ.என்.ஆர். பாருங்கள். கோர்ஸ் முடிந்த ஒரு வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடையில் குறைத்த அளவிலேயே தொடர்ந்தால், ஆன்டிபயாட்டிக் போனபின் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து இருக்கிறது.

வலி மாத்திரைகளான ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் விஷயத்தில் ஐ.என்.ஆர். எண்ணை நம்ப முடியாது. எண் மாறாமல் இருக்கும்போதே அவை இரைப்பையின் உட்சுவரை அரித்து, ரத்தத் தட்டுகளையும் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதையும் தினமும் 2,000 மி.கி. அளவில் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும். கீரையைத் தவிர்க்கத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும்.

அபிக்சபான், ரிவரொக்சபான், டாபிகட்ரான் போன்ற புதிய ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை என்பதால் மோதலே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ரிஃபாம்பிசினும், கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மருந்துகளும் அவற்றை வலுவிழக்கச் செய்யும். கோவிட் சிகிச்சையில் நிர்மாட்ரெல்விரோடு சேர்த்துத் தரும் ரிட்டோனவிர், முக்கியமாக ரிவரொக்சபான், அபிக்சபான் அளவுகளை ஏற்றிவிடும். பரிசோதனை எண் எச்சரிக்காது என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

எனாலபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மருந்து ஒன்று. ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரை ஒன்று. இந்த இரண்டையும் லட்சக்கணக்கானோர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். மூன்றாவதாக ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேரும்போதுதான் சிறுநீரகம் தடுமாறுகிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை வலி மாத்திரை இறுக்குகிறது. ரத்தம் வெளியேறும் குழாயை அழுத்த மருந்து தளர்த்துகிறது. நீர் மாத்திரை ஓடும் ரத்தத்தின் அளவையே குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் அங்கே இல்லாமல் போகிறது. முதியவருக்கு, அதுவும் காய்ச்சலிலோ வாந்தியிலோ உடல் வறண்டிருக்கும்போது, சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமலே வாங்கிவிடுகிறார்கள் என்பதால் இதைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டாரிடமே வந்து சேர்கிறது. அழுத்தத்துக்கும் நீருக்கும் மருந்து எடுப்பவருக்கு வலி என்றால் முதலில் பாராசிட்டமால். மூட்டு வலி என்றால் மேலே தடவும் ஜெல்லைப் பற்றிக் கேளுங்கள். மேலும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் எந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அழுத்த மருந்து, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் மூன்றும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

இதே வலி மாத்திரைகளும் தையசைடு நீர் மாத்திரைகளும், மனநல மருந்தான லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைக் குறைக்கும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, வாந்தியும் குழப்பமும் வந்தால் லித்தியம் அளவை அன்றே பார்க்க வேண்டும்.

பொட்டாசியம்

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடம் புரளலாம், முன்னறிவிப்பே இல்லாமல். அழுத்த மருந்துகளில் மேலே சொன்னவை, ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியம் சிரப் ஆகியவை அதை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியும். தெரியாமல் நுழைவது இரண்டு. ஒன்று கோ-டிரைமோக்சசோல். அதிலுள்ள டிரைமெத்தோப்ரிம், சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு வாரம் கொடுத்தாலே போதும், ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் முதியவருக்கு அபாயம்தான். இரண்டாவது, சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரோனோலாக்டோனைப் புதிதாகத் தொடங்கினால் ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கமும் மூச்சும்

மார்ஃபின், ஃபென்டனில், டிராமடால், கோடீன் போன்ற ஓபியாய்டுகள் மூச்சின் வேகத்தைக் குறைக்கும். டயசெபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்றவையும் மூளையை மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் இந்த ஜோடிக்கு மிக உயர்ந்த நிலையிலான பெட்டி எச்சரிக்கையை விதித்தது. காபபென்டின், பிரகாபலின், மது, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து ஆகியவையும் அந்தப் பாரத்தில் எடை கூட்டும். ஒரே நபருக்கு ஒரு மருத்துவர் முதுகுவலிக்கும் இன்னொருவர் தூக்கமின்மைக்கும் எழுதும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. வீட்டார் கவனிக்க வேண்டியது: எழுப்பினால் எழாமை, கரகரவென்ற வழக்கமில்லாத குறட்டை, மூச்சுக்கு இடையே நீண்ட இடைவெளி, நீலம் பாயும் உதடு.

இதய நோயாளிகளுக்குச் சொல்லத் தயங்கும் ஜோடி

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு மாத்திரைகள், நிகோராண்டில் ஆகியவற்றோடு சில்டெனாஃபில் வகை மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், உயிரும் போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும் டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான மருந்து என்பதால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். பட்டியலில் இதை எழுதியே ஆக வேண்டும். டடாலாஃபிலைப் புரோஸ்டேட் வீக்கத்துக்கும், சில்டெனாஃபிலை நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் தருவார்கள் என்பதால், பெண்களின் பட்டியலிலும் அது இருக்கலாம்.

கொழுப்பு மாத்திரையும் தசையும்

சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்குக் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகோனசோல் கூடவே கூடாது. அவை வேண்டியே இருந்தால் அத்தனை நாளும் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார்கள். ஒரு வாரம் நிறுத்துவதால் கெடுதல் இல்லை. அம்லோடிபின் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் நாளொன்றுக்கு 20 மி.கி.-க்கு மேல் போகக் கூடாது. இன்னொரு கொழுப்பு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலும் ஸ்டாட்டினும் சேர்ந்தால் என்னாகும் என்பதை செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை காட்டியது. தசை சிதைந்து சிறுநீரகம் அடைபட்டு மரணங்கள் நேர்ந்ததால் 2001-ல் அது திரும்பப் பெறப்பட்டது. தொடையும் தோளும் காரணமின்றி வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னும் சில

கிளிமெபிரைடு, கிளிபிசைடு, கிளிக்லசைடு எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஃபுளுகோனசோல், கோ-டிரைமோக்சசோல், சிப்ரோஃபுளோக்சசின், லெவோஃபுளோக்சசின் தந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமுறை, தூங்கப் போகும் முன்பும், விரல் நுனிச் சோதனை செய்யுங்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும் அடையாளம்.

மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான். தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. பட்டியலில் கிழமையின் பெயரையே எழுதுங்கள். அதோடு கோ-டிரைமோக்சசோல் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை செயலிழக்கலாம். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதன் முதல் அடையாளங்கள். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசதையோபிரினைச் சிதையவிடாமல் தடுத்து இதே முடிவுக்குக் கொண்டுபோகும். தவிர்க்க முடியாத நிலையில் அசதையோபிரினை கால் பங்காகக் குறைத்து, ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே கொடுப்பார்கள்.

மனச்சோர்வு மாத்திரைகளான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றோடு டிராமடால், லினசோலிட், இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் சேர்ந்தால் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் அளவு மீறும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வியர்வை, நடுக்கம், கால் துடிப்பு, பதற்றம், காய்ச்சல் வரும். இந்தக் காய்ச்சலைத் தொற்று என்று எண்ணிப் பழைய மாத்திரைகளையே தொடர்வது ஆபத்து.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் மீளும் நேரத்தை நீட்டி, துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன: ஹாலோபெரிடால், எஸ்சிட்டலோபிராம், டோம்பெரிடோன், ஆன்டன்செட்ரான், மோக்சிஃபுளோக்சசின், கிளாரித்ரோமைசின், மெத்தடோன். இரண்டு சேரும் முன் ஒரு ஈ.சி.ஜி. கேளுங்கள். ஒவ்வாமைக்கு விற்ற டெர்ஃபெனடின் இந்தக் காரணத்தால்தான் 1998-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. கல்லீரல் அதை உடனுக்குடன் ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிக்கொண்டிருந்தால் சிக்கல் இல்லை. பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோல் அந்த மாற்றத்தைத் தடுத்தபோது இதயம் தடுமாறியது. இன்று அந்த ஃபெக்ஸோஃபெனடினையே நேரடியாக மாத்திரையாகத் தருகிறார்கள்.

புது மருந்து கைக்கு வரும்போது

சீட்டு எழுதுபவரிடமும் மருந்து தருபவரிடமும் பட்டியலைக் காட்டுங்கள். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அவர்கள் கேட்கக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியவை:

1. இதில் எந்த மருந்தோடு இது மோதும்?
2. மோதினால் அளவைக் குறைப்பதா, அதை நிறுத்தி வைப்பதா, இதற்கு மாற்று தருவதா?
3. எந்தப் பரிசோதனை, எத்தனையாவது நாளில்?
4. எந்த அறிகுறி வந்தால் அன்றே வர வேண்டும்?
5. எத்தனை நாள்? முடிந்தபின் பழைய அளவுகளை மாற்ற வேண்டுமா?

மாற்று பெரும்பாலும் இருக்கும். ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோல் தரலாம். ஒமெப்ரசோல் குளோபிடோக்ரெல்லைச் செயலுக்குக் கொண்டுவரும் நொதியை முடக்குகிறது. கேட்டால்தான் மாற்று வரும்.

இணையத்தில் மருந்து மோதல் பார்க்கும் கருவிகள் உதவும், ஒன்றிரண்டு வரம்புகளோடு. "சேர்க்கவே கூடாது", "கடுமையானது" என்று வருவதை அன்றே கேளுங்கள். "மிதமானது" என்று நீண்ட பட்டியல் வரும். அதில் பெரும்பகுதி கவனித்துக்கொண்டால் போதுமானவை. உங்கள் அளவு, வயது, சிறுநீரகத்தின் நிலை ஆகியவை அந்தக் கருவிக்குத் தெரியாது.

நேரம் பிரிக்க வேண்டியவை

லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. சிப்ரோஃபுளோக்சசினை இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். பாலோடு விழுங்கக் கூடாது. ஐந்து நாள் கோர்ஸ் என்றால், இரும்பு மாத்திரையை அத்தனை நாளும் நிறுத்தலாமா என்று கேட்பது இந்தக் கணக்கைவிட எளிது.

ஒரு மருந்து போகும்போது

சேர்ப்பதைப் பார்க்கும் கண்கள் நீக்குவதைப் பார்ப்பதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்த மாதங்களில் வார்ஃபரின் அளவை ஏற்றியிருப்பார்கள். ரிஃபாம்பிசின் முடிந்ததும் நொதிகள் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்றிய வார்ஃபரின் அப்படியே இருந்தால் கடும் ரத்தப்போக்கு வரும் ஆபத்து இருக்கிறது. இந்த வாரங்களில் ஐ.என்.ஆரை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர் ரிஃபாம்பிசின் காலம் முழுவதும், அது முடிந்த நான்கு வாரமும் வேறு முறையைப் பயன்படுத்த வேண்டும்.

புகையும் ஒரு நொதிப் பெருக்கி. மனநோய்க்குத் தரும் குளோசபினோ, மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலினோ எடுப்பவர் சிகரெட்டை விட்டால் ஒரு வாரத்துக்குள் மருந்தின் அளவு ரத்தத்தில் கணிசமாக ஏறும். இதற்குக் காரணம் புகையிலுள்ள கரிப்பொருட்கள், நிகோடின் இல்லை. அதனால் நிகோடின் பட்டை ஒட்டினாலும் இந்த ஏற்றம் வரும். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைத் திட்டமிடுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், வார்ஃபரின் எடுப்பவருக்குத் தலையில் அடி அல்லது கடும் தலைவலி, முன்னறிவிப்பில்லாத மயக்கம், நிமிடத்துக்கு 50-க்குக் கீழே துடிப்பும் தலைச்சுற்றலும், எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சலோடு தசை விறைப்பும் குழப்பமும், ஒரு நாளாகச் சிறுநீர் போகாமை, தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண். இவற்றில் எது வந்தாலும் புதிதாகச் சேர்ந்த மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

கையில் பட்டியலும், மாத்திரை அட்டைகளும், ஒவ்வொன்றையும் கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்ற குறிப்பும் இருக்கட்டும். நெஞ்சுவலி என்றால், ஆம்புலன்ஸில் வருபவர்கள் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைக்கும் முன், சில்டெனாஃபிலோ டடாலாஃபிலோ எடுத்த நேரத்தை அவர்கள் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.